கடற்கன்னி ஏன் சாகவில்லை? கதைகள் கார்ட்டூன் படமாகும்போது நடப்பது

உங்கள் கேள்வி இது. பத்து வயது மகள் ஆண்டர்சனின் கடற்கன்னி கதையைத் தமிழில் படித்திருக்கிறாள். அப்புறம் டிஸ்னி படத்தைப் பார்த்துவிட்டு, “புத்தகத்தில் அவள் நுரையாகிவிடுகிறாளே, படத்தில் எப்படிக் கல்யாணம் நடக்கிறது?” என்று கேட்கிறாள். குழந்தைகளுக்காகத்தான் இப்படி மாற்றுகிறார்களா, மாற்றாமல் எடுத்த பழைய அனிமேஷன் படங்கள் உண்டா, எதைக் காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவள் கேட்டதையே எடுத்துக்கொள்வோம். ஆண்டர்சன் அந்தக் கதையை 1837-இல் வெளியிட்டார். சுருக்கிய பதிப்புகளில் பல விஷயங்கள் விட்டுப்போகும். மூலத்தில் கடல் மக்கள் முந்நூறு ஆண்டு வாழ்ந்து நுரையாகிவிடுவார்கள். அழியாத ஆன்மா அவர்களுக்குக் கிடையாது. மனிதருக்கு ஆயுள் குறைவு, ஆனால் ஆன்மா உண்டு. கடற்கன்னிக்கு இளவரசன்மேல் இருக்கும் ஆசையில் பாதி இந்த ஆன்மாவின் மேல் இருக்கும் ஆசைதான். சூனியக்காரி அவள் நாக்கை அறுத்து எடுத்துக்கொள்கிறாள். கால் கிடைக்கிறது, ஆனால் வைக்கும் ஒவ்வொரு அடியும் கூரான கத்திமேல் மிதிப்பதுபோல வலிக்கிறது. அந்த வலியோடுதான் அவள் இளவரசன் முன்னால் ஆடுகிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அக்காமார் தங்கள் கூந்தலைச் சூனியக்காரியிடம் கொடுத்து ஒரு கத்தி வாங்கிவருகிறார்கள். விடிவதற்குள் இளவரசனைக் குத்திக் கொன்றால் தங்கை மறுபடி கடலுக்கு வந்துவிடலாம். அவள் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் குதிக்கிறாள். நுரையான பிறகும் கதை தொடர்கிறது. காற்றின் மகள்களில் ஒருத்தியாகிறாள். முந்நூறு ஆண்டு நல்லது செய்தால் ஆன்மா கிடைக்கும் என்று ஆண்டர்சன் ஒரு வழியைத் திறந்துவிடுகிறார்.

1989 டிஸ்னி படத்தில் நாக்கு போவதில்லை, குரல் மட்டும் ஒரு சிப்பிக்குள் அடைபடுகிறது. நடக்கும்போது வலி இல்லை. கடைசியில் குரலும் திரும்பிவிடுகிறது, இளவரசனும் கிடைக்கிறான். ஆனால் அந்தப் படத்திலும் ஒருவர் விலை கொடுக்கிறார், கவனித்தீர்களா? அப்பா ட்ரைட்டன். மகளை விடுவிப்பதற்காக ஒப்பந்தத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டு மகுடத்தையும் உருவத்தையும் இழக்கிறார். கொஞ்ச நேரத்துக்குத்தான், இருந்தாலும் படத்தின் பாரமெல்லாம் அங்கே போய்விடுகிறது. ஆன்மாவைத் தேடும் ஒரு பெண்ணின் கதை, மகளை விட்டுக்கொடுக்கப் பழகும் ஓர் அப்பாவின் கதையாகிவிட்டது. ஹோவர்ட் ஆஷ்மனும் ஆலன் மென்கனும் போட்ட பாட்டுகள் அதை நன்றாகவே தாங்குகின்றன. நல்ல படம்தான். ஆனால் அது வேறு கதை.

எந்தத் தழுவலைப் பார்த்தாலும் நான் தேடுவது இதைத்தான்: கதையில் யார் என்ன விலை கொடுக்கிறார்கள், படத்தில் அந்த விலை என்னவாகிறது? பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், புதிதாக ஒரு பூனையைச் சேர்க்கலாம். அதையெல்லாம் குறையாகச் சொல்ல மாட்டேன். விலையைத் தள்ளுபடி செய்துவிட்டால்தான் கதை கையைவிட்டுப் போகிறது.

ஏன் மாற்றுகிறார்கள் என்பதற்குக் குழந்தைகளின் மென்மையான மனசு ஒரு சின்னக் காரணம்தான். பெரிய காரணம் பணம். கையால் வரைந்த முழுநீளப் படத்துக்கு நொடிக்கு 24 ஃபிரேம் வேண்டும். நூற்றுக்கணக்கான ஓவியர்கள் இரண்டு மூன்று ஆண்டு உட்கார்ந்து வரைய வேண்டும். அந்தச் செலவை எடுக்க வேண்டுமானால் குடும்பத்தோடு வந்து பார்த்து, மறுபடியும் வந்து பார்க்க வேண்டும். 1937 டிசம்பரில் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ அப்படி ஓடிய பிறகு, அந்த அச்சு எல்லாருக்கும் பழகிவிட்டது. கிரிம் சகோதரர்களின் கதையில் பொல்லாத ராணி கடைசியில் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு செத்துவிழும்வரை ஆட வேண்டும். ஸ்னோ ஒயிட்டை முத்தம் எழுப்புவதும் இல்லை. சவப்பெட்டியைத் தூக்கிப்போகிறவர்கள் தடுக்கியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. படத்தில் ராணி மலையிலிருந்து தானாகவே விழுந்து சாகிறாள், முத்தம் வேலை செய்கிறது. அதற்குப் பிறகு வந்த பாதிப் படங்கள் இந்த இரண்டையும் அப்படியே வாங்கிக்கொண்டன.

இன்னொரு காரணம் கதைசொல்லியின் குரல். புத்தகத்தில் ஒருவர் நம்மிடம் பேசிக்கொண்டே வருவார். “இது கொடூரமாகத் தெரிகிறது, கொஞ்சம் பொறு” என்ற தைரியத்தை அந்தக் குரலே கொடுத்துவிடும். திரையில் அந்தக் குரல் இல்லை, நடப்பது நேராகக் கண்ணில் வந்து விழுகிறது. அதனால் எழுத்தில் தாங்கும் ஒன்று படத்தில் தாங்காமல் போகலாம். இதை ஸ்டுடியோக்கள் உண்மையாகவே எதிர்கொண்டன. இதற்கு மிக நல்ல உதாரணம் பினோக்கியோ.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ்காரரான கார்லோ கொல்லோடி 1881 ஜூலையில் ஒரு சிறுவர் பத்திரிகையில் இதைத் தொடராக எழுத ஆரம்பித்தார். மரப்பொம்மை முதல் நாளிலிருந்தே அடங்காத பிள்ளை. நான்காம் அத்தியாயத்தில் புத்தி சொல்ல வந்த பேசும் சிள்வண்டைச் சுத்தியலை எறிந்து கொன்றுவிடுகிறான். பசியில் தூங்கிப்போய்த் தன் மரக்காலைக் கணப்பில் எரித்துக்கொள்கிறான். பதினைந்தாம் அத்தியாயத்தில் நரியும் பூனையும் கொலைகாரர்களாக வேஷம் போட்டு வந்து, அவனைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கில் போட்டுவிடுகின்றன. கொல்லோடி அத்தோடு கதையை முடித்துவிட்டார். படித்த பிள்ளைகள் விடவில்லை. தொடரச் சொல்லிக் கேட்டார்கள். 1882 பிப்ரவரியில் நீலக் கூந்தல் தேவதை வந்து அவனைக் காப்பாற்ற, கதை மறுபடி ஓடத் தொடங்கி 1883 ஜனவரியில் முடிந்தது. அந்த ஆண்டே புத்தகமாகவும் வந்தது. பொம்மை தூக்கில் தொங்கியதோடு அதைத் தூக்கி எறியாமல், மீதிக் கதையைக் கேட்டு வாங்கியவர்கள் குழந்தைகள். குழந்தைகளுக்கு இருட்டு ஆகாது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டிஸ்னி ஓவியர்கள் முதலில் கொல்லோடியின் பினோக்கியோவை வரைந்து பார்த்தார்கள்: மூக்கு நீண்ட, விறைப்பான, வாய்க்கொழுப்புப் பிடித்த மரப்பொம்மை. 1938-இல் சில மாத வேலையைப் பார்த்துவிட்டு வால்ட் டிஸ்னி எல்லாவற்றையும் நிறுத்தினார். இந்தப் பையனை யாருக்கும் பிடிக்காது என்பது அவர் முடிவு. மில்ட் கால் என்ற இளம் ஓவியர், முதலில் ஒரு சாதாரணச் சிறுவனை வரைந்து, அப்புறம் அவனுக்கு மர மூட்டுகளைச் சேர்த்தார். அந்த முகம்தான் நமக்குத் தெரிந்த பினோக்கியோ. ஆனால் பையன் நல்லவனாகிவிட்டதால் புத்தி சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். புத்தகத்தில் செத்துப்போன சிள்வண்டு ஜிமினி என்ற பெயரோடு படம் முழுக்க வரும் துணையானது. வார்டு கிம்பல் வரைந்தார், கிளிஃப் எட்வர்ட்ஸ் குரல் கொடுத்தார். 1940 பிப்ரவரியில் படம் வந்தபோது ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுச் சந்தை அடைபட்டதால் முதல் வெளியீட்டில் நஷ்டம்.

இத்தனை மாற்றமும் செய்த பிறகு அந்தப் படத்தில் விலை என்னவானது? இங்கேதான் எனக்கு அந்த ஸ்டுடியோவின் மேல் பெரிய மரியாதை வருகிறது. படிப்பு வேண்டாம், விளையாட்டு மட்டும் என்று ஒரு தீவுக்குக் கூட்டிப்போகப்பட்ட பையன்கள் கழுதையாகிவிடுகிறார்கள். பினோக்கியோவின் கூட்டாளி மாறும் காட்சியைப் பாருங்கள். முதலில் சிரிப்பு, அப்புறம் காது, வால். பயந்துபோய் நண்பனைப் பிடித்துக்கொள்ளும் கைகள் அப்படியே குளம்பாகின்றன. மீதி மாற்றத்தைச் சுவரில் விழும் நிழலில் காட்டுகிறார்கள். அம்மாவைக் கூப்பிடும் குரல் கழுதைக் கத்தலாகிறது. இன்னும் பேச முடிகிற கழுதைகளைத் தனியாகத் தள்ளி அடைக்கிறான் வண்டிக்காரன். அந்தப் பையன்கள் யாரும் திரும்பி வருவதே இல்லை. வண்டிக்காரனுக்குத் தண்டனையும் இல்லை. படம் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறது. பையனை எவ்வளவு இனிமையாக ஆக்கினார்களோ அவ்வளவு இருட்டை அவனைச் சுற்றி வைத்தார்கள்.

கொல்லோடியிடம் இதன் மறுபாதி இருக்கிறது, அது படத்தில் இல்லை. பினோக்கியோ நோயாளியான அப்பாவுக்கு ஒரு தம்ளர் பால் வாங்க வேண்டும். தோட்டக்காரர், நூறு வாளி தண்ணீர் இறைத்தால் தருகிறேன் என்கிறார். அதுவரை அந்தச் சக்கரத்தைச் சுற்றிய கழுதை தொழுவத்தில் சாகக் கிடக்கிறது. போய்ப் பார்த்தால் அது பழைய பள்ளிக்கூடச் சிநேகிதன். அவன் கண்ணெதிரே சாகிறான். மறுநாளிலிருந்து அந்தச் சக்கரத்தைப் பினோக்கியோ சுற்றுகிறான், மாதக்கணக்கில். ஏழைகளின் இத்தாலியில் எழுதிய கதை அது, உழைப்பு இல்லாமல் யாரும் மனிதனாவதில்லை. படத்தில் பினோக்கியோ திமிங்கிலத்திடமிருந்து அப்பாவைக் காப்பாற்றி உயிரை விட்டு மனிதனாகிறான். உழைப்பின் இடத்தைத் தியாகம் பிடித்துக்கொண்டது. விலை மாறியது, தள்ளுபடி ஆகவில்லை. அதனால் இதை நான் பெரிய தழுவல் என்பேன்.

இதே ஸ்டுடியோ 27 ஆண்டு கழித்து எடுத்த ‘ஜங்கிள் புக்’ எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதன் பாட்டுகள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும்.

பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், ஓநாய்கள் வளர்த்த மௌக்லி என்ற சிறுவனின் கதைகளை எழுதியது பனி கொட்டும் அமெரிக்க வெர்மான்ட் மாநிலத்தில் உட்கார்ந்து. முதல் புத்தகம் 1894, இரண்டாவது 1895. கதை நடப்பது இன்றைய மத்தியப் பிரதேசத்துச் சிவனி காடுகளில். அந்தக் கதைகளின் கரடி பாலு, சட்டம் சொல்லித்தரும் கண்டிப்பான வாத்தியார், அடியும் உண்டு. மலைப்பாம்பு கா, மௌக்லியைக் குரங்குகளிடமிருந்து மீட்கும் நண்பன். குரங்குகளுக்குத் தலைவனே கிடையாது. சட்டமும் தலைவனும் இல்லாததுதான் அவற்றின் கேவலம் என்று காடு முழுக்கச் சொல்கிறது. மௌக்லி கொடுக்கும் விலை ஒன்றே ஒன்று, அவன் எங்கேயும் சொந்தமில்லை. ஓநாய்க் கூட்டம் அவனை வெளியே தள்ளுகிறது. ஊரும் கல்லால் அடித்துத் துரத்துகிறது. காட்டை விட்டுப் போக வேண்டிய இரவில் அவன் கண்ணில் முதல்முறையாகத் தண்ணீர் வருகிறது. நான் சாகிறேனா என்று பகீராவிடம் கேட்கிறான். இல்லை, இது மனிதர்களுக்கு வரும் கண்ணீர் என்கிறது கருஞ்சிறுத்தை. மௌக்லி கதைகள் முழுவதும் இந்த ஓர் இடத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன.

டிஸ்னியில் பில் பீட் என்ற கதையாசிரியர் இந்த இருட்டுக்கு அருகில் ஒரு வடிவம் எழுதினார். வால்டுக்குப் பிடிக்கவில்லை, பீட் ஸ்டுடியோவை விட்டே போய்விட்டார். அவர் வடிவத்துக்கு டெரி கில்கைசன் போட்ட பாட்டுகளில் பாலு பாடும் அந்த ஒன்று மட்டும் தங்கியது. மற்றதை ஷெர்மன் சகோதரர்கள் புதிதாகப் போட்டார்கள். பாலு ஜாலியான சோம்பேறியானான். கா வில்லனானான். இந்தியக் காட்டில் இல்லாத ஒராங்குட்டான் ஒன்று குரங்குகளுக்கு ராஜாவாக வந்தது. 1966 டிசம்பரில் வால்ட் இறந்தார், 1967 அக்டோபரில் படம் வெளியாகி அபாரமாக ஓடியது. அதில் ஷேர்கானுக்கு ஜார்ஜ் சாண்டர்ஸ் கொடுத்த குரலும் அந்தப் புலியின் நடையும் இன்றைக்கும் நிற்கும். ஆனால் முடிவைப் பாருங்கள். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கி, குடத்தைத் தூக்கிக்கொண்டு மௌக்லி ஊருக்குள் போய்விடுகிறான். கண்ணீர் இல்லை, கல்லடி இல்லை. ஊர் அவனுக்காகவே காத்திருந்ததுபோல இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால் அதே 1967-இல் மாஸ்கோவில் சோயுஸ்முல்ட்ஃபில்ம் ஸ்டுடியோவும் மௌக்லியை எடுக்கத் தொடங்கியது. இயக்குநர் ரோமன் தவீதோவ். 1971 வரை ஐந்து பகுதிகள் வந்தன. 1973-இல் அவற்றைச் சேர்த்து ஒரே படமாக்கினார்கள். இசை சோஃபியா குபைதுலினா. பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய அதே இசையமைப்பாளர். இதில் பகீரா பெண். மற்றபடி கிப்ளிங்கின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. கா நண்பன்தான், குரங்குகள் அவன் ஆட்டத்தில் மயங்கி நடந்துவரும் காட்சி உடம்பைச் சிலிர்க்க வைக்கும். செந்நாய்க் கூட்டத்தோடு நடக்கும் சண்டை உண்டு, அதில் ஓநாய்கள் சாகின்றன. மௌக்லி கண்ணெதிரே வளர்ந்து இளைஞனாகிறான். கடைசியில் வசந்தம் வரும்போது காட்டை விட்டுப் போக வேண்டிவருகிறது, அந்தப் பிரிவு வலிக்கிறது. சிரிப்பு குறைவு, பாட்டுகள் மனசில் ஒட்டாது. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்த வாரம் காட்டிப் பாருங்கள். ஒரே மூலத்திலிருந்து இரண்டு ஸ்டுடியோக்கள் எதை எடுத்துக்கொண்டன, எதை விட்டன என்பதைப் பத்து வயதுக் குழந்தையே சொல்லிவிடும். தூர்தர்ஷனில் இந்தியில் வந்த மௌக்லி தொடரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நீங்கள் என்றால், அது மூன்றாவது வடிவம், 1989-இல் ஜப்பானில் எடுத்தது.

சோவியத் ஸ்டுடியோ என்றதும் ‘பனி ராணி’யைச் சொல்லாமல் போக முடியாது. ஆண்டர்சன் 1844-இல் எழுதியது. லெவ் அதமானோவ் 1957-இல் படமாக்கினார். என் கணக்கில் ஆண்டர்சனுக்குக் கிடைத்த மிகச் சிறந்த அனிமேஷன் இதுதான். பனி ராணி கூட்டிப்போய்விட்ட காய் என்ற சிறுவனை அவன் தோழி ஜெர்டா தேடிப் போகும் கதை. மூலத்தில் ஜெர்டா பிரார்த்தனை செய்கிறாள், மூச்சுக்காற்று தேவதூதர்களாக மாறிப் பனிப்படையை விரட்டுகிறது. சோவியத் நாட்டில் அதையெல்லாம் எடுக்க முடியாது, எடுக்கவும் இல்லை. மூலத்தில் பேயின் கண்ணாடி உடைந்து அதன் தூள் காயின் கண்ணில் விழும். படத்தில் காயின் விளையாட்டுப் பேச்சில் கோபம் கொண்ட பனி ராணியே கண்ணாடியை உடைக்கிறாள். பெரிய மாற்றங்கள்தான். ஆனாலும் ஜெர்டா கொடுக்கும் விலையில் ஒரு பைசா குறையவில்லை. செருப்பில்லாத கால், தனிமை, வழியில் சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் எதையாவது இழந்து மேலே போகும் பிடிவாதம்.

அதில் வரும் கொள்ளைக்காரச் சிறுமியை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். மிருகங்களைக் கட்டிப்போட்டு, கத்தியோடு தூங்குகிறவள். ஜெர்டாவின் கதையைக் கேட்டதும் அவளை அவிழ்த்துவிடுகிறாள், கலைமானையும் கொடுத்து அனுப்புகிறாள். அப்புறம் அழுகிறாள். கோபத்திலிருந்து அழுகைக்குப் போகும் அந்த முகத்தை, நடிகர்களைப் படம்பிடித்து அதன்மேல் வரையும் முறையின் துணையோடு வரைந்திருக்கிறார்கள். ஜப்பானில் இளம் ஓவியராக இருந்த ஹயாவோ மியாசாகி, அனிமேஷனிலேயே இருப்பது என்று தன்னைத் தீர்மானிக்க வைத்த படங்களில் இது ஒன்று என்று சொல்லியிருக்கிறார். பின்னால் அவர் படங்களில் வரும் முரட்டுப் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சிறுமியின் ஞாபகம் வரும்.

விலையைத் தள்ளுபடி செய்ததற்கு ஒரு தெளிவான உதாரணம் வேண்டுமா? ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’. பண்ணைக்காரரை விரட்டிய மிருகங்களைப் பன்றிகள் அடக்கி ஆளத் தொடங்கும் கதை. புத்தகம் 1945, ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்தார். ஜான் ஹாலஸ், ஜாய் பாட்செலர் தம்பதி 1954-இல் பிரிட்டனில் முழுநீள அனிமேஷன் படமாக எடுத்தார்கள். தயாரிப்பாளர் லூயி டி ரோஷ்மான் வழியாக வந்த பணம் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுடையது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. படத்தில் குதிரை பாக்ஸரை கசாப்பு வண்டி ஏற்றிப்போகும் காட்சி, கழுதை பெஞ்சமின் பின்னால் ஓடும் ஓட்டம், எல்லா மிருகங்களுக்கும் ஒருவராகவே குரல் கொடுத்த மாரிஸ் டெனமின் திறமை, எல்லாம் முதல் தரம். ஆனால் புத்தகம் எங்கே முடிகிறது? பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேஜையில் சீட்டாடுகிறார்கள், வெளியே நிற்கும் மிருகங்களுக்கு எது பன்றி எது மனிதன் என்று தெரியவில்லை. அத்தோடு முற்றும். படத்தில் அந்த மனிதர்களையே எடுத்துவிட்டார்கள், மிருகங்கள் பெஞ்சமினின் தலைமையில் கிளர்ந்தெழுந்து பன்றிகளை ஒழிக்கின்றன. இரண்டு தரப்பையும் ஒன்றாகப் பார்த்த ஆர்வெல்லின் பார்வையில் ஒரு தரப்பு மட்டும் காணாமல் போய்விட்டது. அந்தக் கடைசி இரண்டு நிமிடத்துக்காக மீதி எழுபது நிமிடமும் பாழானதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மூலத்தை ஒட்டியே போன படம் என்றால் ‘வாட்டர்ஷிப் டவுன்’ சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஆடம்ஸ் என்ற அரசு ஊழியர் காரில் போகும்போது தன் இரண்டு மகள்களுக்குச் சொன்ன முயல் கதை. பல பதிப்பகங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு 1972-இல் புத்தகமானது. 1978-இல் மார்ட்டின் ரோஸன் படமாக்கினார். முதலில் இயக்கத் தொடங்கிய ஜான் ஹப்லி நடுவில் விலகிவிட்டார். உலகம் எப்படிப் படைக்கப்பட்டது, முயலுக்கு ஏன் ஆயிரம் எதிரிகள் என்று சொல்லும் அந்தத் தொடக்கப் பகுதி அவர் பாணி. முயல்கள் அழகாக இருக்கின்றன, கடித்துக் குதறிக்கொள்ளவும் செய்கின்றன. ரத்தம் தெரியும். பிரிட்டிஷ் தணிக்கையினர் எல்லாரும் பார்க்கலாம் என்று சான்று கொடுத்துவிட, பெற்றோரிடமிருந்து பல பத்தாண்டுகளுக்குப் புகார் வந்துகொண்டே இருந்தது. பின்னாளில் ‘பெற்றோர் வழிகாட்டலுடன்’ என்று மாற்றினார்கள். உங்கள் மகளுக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்துக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஒட்டிப்போவது மட்டுமே படத்தைக் காப்பாற்றிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆலிஸ்’ அதற்குச் சாட்சி. 1951 டிஸ்னி படம் லூயிஸ் கரோலின் இரண்டு புத்தகங்களிலிருந்தும் சம்பவங்களை அள்ளிப் போட்டது. ஆனால் அந்தக் கதையின் உயிர் சம்பவத்தில் இல்லை, பேச்சின் கோணல் தர்க்கத்தில் இருக்கிறது. படத்தில் நிறங்கள் பிரமாதம், சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

வரைகலையின் பலத்தை நம்பி எடுத்தவர்கள்தான் நிற்கிறார்கள். 1926-லேயே ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கண்ணாடிமேல் வைத்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி ‘இளவரசன் அஹ்மது’வை எடுத்தார். இன்றைக்கு நம் கையில் இருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். நம்மூர்த் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிழல்கள் உடனே பழகிவிடும். ஆயிரத்தொரு இரவுகள் என்று நாம் சொல்லும் தொகுப்பில் அஹ்மது, அலாவுதீன், அலிபாபா மூன்றும் அரபு மூலப் பிரதிகளில் இருந்தவை அல்ல. ஹன்னா தியாப் என்ற அலெப்போ நகரத்து இளைஞர் 1709-இல் பாரிசில் வாயால் சொன்னவை, மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஆந்துவான் கலான் குறித்துக்கொண்டார். ஆக, மூலம் என்று நாம் பிடித்துக்கொள்வதே சில நேரம் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்ன மறுசொல்லல்தான். தழுவலே கூடாது என்று என்னால் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சமீப காலத்தில் எடுத்ததில் ஒன்றைச் சேர்க்கிறேன், இசாவோ தகஹாட்டாவின் ‘இளவரசி காகுயா’, 2013. ஜப்பானின் பத்தாம் நூற்றாண்டு மூங்கில் வெட்டியின் கதை. மூங்கிலுக்குள் அவருக்குக் கிடைத்த நிலவுப் பெண்தான் காகுயா. முடியவே முடியாத வேலைகளைக் கேட்டு ஐந்து மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது, நிலவுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம், எல்லாம் மூலத்தில் உள்ளபடியே. தகஹாட்டா சேர்த்தது அவளுடைய கிராமத்துச் சிறுபிராயம். அந்தச் சேர்க்கையால்தான் விலை ஏறுகிறது. எதை இழக்கிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கரிக்கோடும் நீர்வண்ணமுமாக மென்மையாகப் போய்க்கொண்டிருக்கும் படம், விருந்தில் தன்னைப் பற்றி ஆண்கள் பேசுவதைக் கேட்டு அவள் தலைநகரை விட்டு ஓடும்போது சட்டென்று கிறுக்கல் கோடுகளாகிவிடுகிறது. ஆடைகள் ஒவ்வொன்றாகப் பறந்துபோகின்றன, முகம்கூடத் தெரியாத வேகம். எழுத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டிய கோபத்தைக் கரியால் சில நொடியில் கீறிக் காட்டுகிறார். அவளை அழைத்துப்போக நிலவிலிருந்து வருகிறவர்கள் கொட்டும் இசையோ துள்ளலாக, சந்தோஷமாக இருக்கிறது. அவர்களுக்குத் துக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் கொண்டாட்டமாக வருவதைப் பார்ப்பது மிகவும் கஷ்டம்.

இனி உங்கள் வீட்டுக்கு. முதலில் பனி ராணி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம்தான் ஓடும், பத்து வயதுக்குச் சரியாக இருக்கும். அடுத்து பினோக்கியோ, கழுதைக் காட்சியின்போது அறையில் இருங்கள். இரண்டு மௌக்லிகளையும் ஜோடியாக. கடற்கன்னிக்கு அவள் கேட்கும் முடிவோடு இரண்டு படங்கள் இருக்கின்றன: சோவியத்தில் 1968-இல் இவான் அக்சென்சுக் எடுத்த அரைமணி நேரக் குறும்படம், ஜப்பானில் 1975-இல் தோய் ஸ்டுடியோ எடுத்த முழுநீளப் படம். தோய் படம் அழவைக்கும், அதைச் சொல்லிவிட்டே போடுங்கள். தமிழிலேயே கேட்க வேண்டுமென்றால், ஜப்பானின் யூகோ சாகோவும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து எடுத்து 1990-களில் வந்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை என்பதால் எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்று கண்டுபிடிக்க அதுவே எளிது. காகுயா இரண்டே கால் மணி நேரம், நிதானமான படம். விடுமுறை நாள் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் முதலா படம் முதலா என்றால், இவ்வகைக் கதைகளுக்குப் புத்தகம் முதலில் என்பேன். ஆண்டர்சனின் கதையை ஒரே மூச்சில் படித்துவிடலாம், கொல்லோடியை அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கலாம், அதில் சிரமம் இல்லை. கிப்ளிங் மட்டும் விதிவிலக்கு: சோவியத் படத்தைப் பார்த்துவிட்டுப் படித்தால் அந்தக் காட்டின் சட்டதிட்டங்கள் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். கொல்லோடியைப் படிக்கும்போது பதினைந்தாம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, இனிமேல் என்ன நடக்கும் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். பதினாறாம் அத்தியாயத்தை அடுத்த வாரம் கொடுத்தால் போதும்.